கண்டி என்று பெயர் சொன்ன தீவு

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் துவரங்குறிச்சியில் இறங்கி, மருங்காபுரிப் பக்கத்து ஊர்களில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எங்க பாட்டனாரோட தம்பி கண்டிக்குப் போனவரு" என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடும். இலங்கைக்குப் போனவர் என்று அவர்கள் சொல்வதில்லை. சிலோன் என்பதே பிந்திவந்த தலைமுறையின் சொல். போனவர் இறங்கிய இடம் அட்டனாக இருக்கலாம், பதுளையாக இருக்கலாம், இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டமாகவும் இருக்கலாம். ஊர்க் கணக்கில் எல்லாம் கண்டிதான். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் கண்டிச் சீமை. ஒரு மலை நகரத்தின் பெயர் ஒரு தீவு முழுவதற்கும் பெயராகிவிட்டது.

இந்தப் பெயர்வழக்கை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாட்டின் நகரங்களையும் வட்டாரங்களையும் நாம் அறிந்திருக்கும் விதம், நம்மவர்கள் அதற்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள் என்பதைப் பொறுத்தது. திருச்சிச் சீமைக்கு இலங்கையில் பல வாசல்கள் இருந்தன. கோயில் மரபுக்கு ஒன்று, படைக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று. ஒரு வாசலில் நுழைந்தவருக்கு மற்ற வாசல் தெரியாது. இப்படித் துண்டுதுண்டாக அறிந்ததன் விளைவை இந்த மாவட்டத்திலேயே சிலர் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை முன்னிட்டே அந்தத் தீவின் நிலத்தைப் படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறையச் சரிபாதி. 9 மாகாணங்கள், 25 மாவட்டங்கள். நடுவில், சற்றே தெற்கு தள்ளி, மலைத்திரள். அதன் உச்சி நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிதுருதலாகல. தென்மேற்குப் பருவக்காற்றை இந்த மலை மறிப்பதால் கொழும்பு, காலி, இரத்தினபுரி, அட்டன் எல்லாம் ஈரநாடு. மலைக்கு வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கும் பெரும்பகுதி, நம்மைப் போலவே ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய வறள்நாடு. குளம் வெட்டித் தேக்கினால்தான் அங்கே நெல். அனுராதபுரம், வவுனியா, மன்னார், திருகோணமலை எல்லாம் இந்தப் பகுதியில் வருகின்றன. வானம் பார்த்த நிலத்தில் பிறந்த மருங்காபுரிக்காரர் ஒருவர் வவுனியாவில் இறங்கினால், பனையையும் குளக்கரையையும் பார்த்து ஊருக்கு வந்துவிட்டதாக நினைப்பார். நுவரெலியாவில் இறங்கினால்தான் அது வேற்று நாடு. ஆனால் அவரைக் கொண்டுபோய் இறக்கியது நுவரெலியாவில்.

அந்தக் கதைக்குப் போகும் முன், திருச்சியின் மிகப் பழைய இலங்கையைப் பார்த்துவிட வேண்டும். அது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அயோத்தியிலிருந்து விபீடணன் கொண்டுசென்ற ரங்கவிமானம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தரை தொட்டது, பிறகு பெயரவே இல்லை. கலங்கிய விபீடணனுக்காக அரங்கன் தெற்கு நோக்கிக் கிடக்கிறான் என்பது தலபுராணம். விமானத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிய பிள்ளையாரை அவன் துரத்திப்போய்க் குட்டினான் என்ற கதையை உச்சிப்பிள்ளையார் கோயிலில் இன்றும் சொல்வார்கள். இந்த மரபில் இலங்கை வெறும் திசை. அதற்குள் ஊர்கள் கிடையாது. ஆனால் கொழும்பை அடுத்த களனி விகாரைக்குப் போகிறவர்கள், அங்கே விபீடணனுக்கென்று தனிக் கோயில் இருப்பதைக் காணலாம். சிங்களப் பௌத்தர்கள் அவனைத் தீவின் காவல் தெய்வங்களில் ஒருவனாக வணங்குகிறார்கள். காவிரித் தீவில் பாதியில் நின்றுபோன பயணத்தின் மறுகரை, களனி ஆற்றங்கரையில் வழிபாடாக வாழ்கிறது. திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சோழர்கள் அந்தத் திசைக்குள் ஊர்ப்பெயர்களை எழுதினார்கள். முதலாம் பராந்தகன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று பட்டம் பூண்டான். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராசனின் படை அனுராதபுரத்தை அழித்து, ஆட்சிக்குப் பொலன்னறுவையைத் தேர்ந்தது. மகாவலி ஆற்றின் துறைகளைக் காத்து, தெற்கே உரோகணத்திலிருந்து வரும் எதிர்ப்பைத் தடுக்க அதுவே வாகான இடம். நகருக்கு ஜனநாதமங்கலம் என்றும், நாட்டுக்கு மும்முடிச் சோழமண்டலம் என்றும் பெயர் வைத்தார்கள். அங்கே எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம் என்ற கற்றளி, தஞ்சைப் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றைப் பெயர்த்து வைத்ததுபோல் இன்றும் நிற்கிறது. 1070 வாக்கில் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டதும் அந்த ஆட்சி முடிந்தது. படையோடு போனவர்கள் அறிந்தது வறண்ட வட சமவெளியை. மலைக்குள் அவர்கள் நிலைகொள்ளவில்லை.

மலைக்குள் யாருமே எளிதில் நிலைகொள்ளவில்லை. கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் கண்டி அரசைக் கடைசிவரை வெல்ல முடியாமல் போனார்கள். சிங்களத்தில் அந்த அரசுக்குக் 'கந்த உட ரட்ட' என்று பெயர். மலைமேல் நாடு என்று பொருள். அந்தக் 'கந்த' அயலார் வாயில் கண்டி ஆனது. இன்றைய கண்டி நகரைச் சிங்களர்கள் மகநுவர, பெருநகரம் என்கிறார்கள். ஆக, கண்டி என்பது முதலில் ஒரு மலைநாட்டின் பெயர். நகரத்தின் பெயரானது பிறகு. கண்டிச் சீமை என்று நாட்டையே குறித்த மருங்காபுரிப் பாட்டிமார், மூலப்பொருளுக்கு நெருக்கமாகவே பேசியிருக்கிறார்கள். 1739 முதல் அந்த அரியணையில் இருந்தவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்த நாயக்கர் மரபினர். மருங்காபுரியும் மதுரை நாயக்கரின் 72 பாளையங்களில் ஒன்று. கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரமராசசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூரில் சிறை இருந்து 1832-இல் இறந்தான். பாளையங்களை அடக்கிய அதே கும்பினி யுகம் கண்டியையும் திறந்துவிட்டது.

திறந்த மலையில் முதலில் காப்பி வந்தது. 1823-இல் கம்பளைக்கு அருகே தொடங்கிய காப்பித் தோட்டத்திலிருந்துதான், தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் தங்கள் இருநூறு ஆண்டைக் கணக்கிடுகிறார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். ஆகவே ஆண்கள் போனார்கள், பறித்தார்கள், கூலியோடு ஊர் திரும்பினார்கள். 1869-இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இலேயே கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் அதைப் பயிரிட்டிருந்தார். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களும் வேண்டும். குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் லயக் காம்பராக்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள். கண்டி பருவகாலத்து வேலையிடமாக இருந்த நிலை மாறி, பிள்ளை பிறக்கும் ஊரானது ஒரு செடியின் இயல்பால்தான்.

ஆள் சேர்த்தது கங்காணி. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இரண்டு கரையிலும் உண்டு. 1876 முதல் 78 வரையிலான தாது வருடப் பஞ்சத்தைப் பார்த்த ஊர்களில் அந்தப் பேச்சுக்கே தேவை இருந்திருக்காது. 1904-இல் தோட்ட முதலாளிகள் சிலோன் லேபர் கமிஷன் என்ற அமைப்பைத் தொடங்கியபோது, அதன் தலைமை அலுவலகத்தைத் திருச்சியில் வைத்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று ஆள் கிடைக்கும் மாவட்டங்களுக்கு நடுவில் ரயில் கூடும் ஊர் இது. போகிறவர் கழுத்தில் தோட்டத்து எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. அவருக்குத் தெரிந்த இலங்கை முகவரி அந்த எண் ஒன்றுதான்.

தொடக்க காலத்தில் தொண்டி, அம்மாபட்டினம் போன்ற துறைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. காடும் பாழடைந்த குளங்களுமாகக் கிடந்த வறள்நாட்டைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை. காலராவும் காய்ச்சலும் வழிநெடுகப் பிணங்களை விட்டுச்சென்றன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இந்த வழியின் முடிவில் நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நோயைத் தாண்டி வந்தவர்கள் முதலில் கும்பிடும் தெய்வம் அவள். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், திருச்சி வழியாகப் போன போட் மெயில் அந்த நடையை ரயில் பயணமாக்கியது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவல், சிறு கடல், பிறகு மறுபடி ரயில். தங்கள் ஊரைப் போலவே இருந்த அந்த வறள்நாடு, ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் நிலமாயிற்று. 2023-இல் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு மலையகத்தார் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். முன்னோர் நடந்த மண்ணை அவர்களில் பலர் காலால் தொட்டது அப்போதுதான்.

மலையில் அவர்கள் அறிந்த வட்டாரம் எது? மலைநாட்டுக்குள்ளேயே மழை இரண்டாகப் பிரிகிறது. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு. வைகாசி முதல் மழை ஓயாது. மலைமுதுகைத் தாண்டினால் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை என்று ஊவா. அங்கே ஆடி ஆவணியில் வறண்ட காற்று வீசும். உலகம் விலை கொடுக்கும் ஊவாத் தேயிலையின் மணம் அந்தக் காற்றிலிருந்து வருகிறது. 1867-இல் கண்டிக்கு வந்த ரயில், 1885-இல் நானுஓயாவுக்கும் 1924-இல் பதுளைக்கும் ஏறியது. தேயிலைப் பெட்டிகள் இறங்குவதற்காகப் போட்ட பாதை அது. இன்று பயணிகள் படம் எடுப்பதற்காக ஏறுகிறார்கள். கொழுந்து பறித்தவரின் வரைபடத்தில் இந்தப் பெருவழி கிடையாது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், கொழுந்து பதப்படுத்தும் இஸ்டோர், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா, மாரியம்மன் கோயில், சம்பளத்தன்று இறங்கும் பஜார் என்று அது நடந்துபோகும் தூரத்தில் முடிந்துவிடும். மலையில் நகரங்கள் இருந்தன. ஆனால் தோட்டம் தன் ஆட்களைத் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருந்ததால், நகரம் அவர்களுக்கு வெளியூராகவே இருந்தது.

அந்தச் சின்ன வரைபடத்துக்குள் இன்னொரு வரைபடம் இருந்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நெகிழும். மலையகத்தில் மூன்று கூத்துகள் பெயர்பெற்றவை: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். இவற்றில் பொன்னர் சங்கரின் மண் நம்முடையது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் வீழ்ந்த படுகளமும் பெரியகாண்டி அம்மன் கோயிலும் இருக்கும் வீரப்பூர் மணப்பாறைக்குப் பக்கம். மாசித் திருவிழாவில் அங்கே இன்றும் படுகளம் நடக்கிறது. அண்ணன்மார் ஆண்டதாகச் சொல்லும் வளநாடு மருங்காபுரி வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. நுவரெலியாக் குளிரில் லயத்து வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, விடிய விடிய இந்தக் கூத்தைப் பார்த்த பிள்ளைக்கு, கண்டி நகரத்தின் தெருக்கள் தெரியாமல் இருந்திருக்கலாம். வீரப்பூரும் வளநாடும் படுகளமும் தெரியும். பார்த்திராத ஊரின் காடும் குளமும் எல்லையும் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். நாம் இங்கிருந்து கண்டி என்ற ஒரே பெயரால் அவர்களின் நாட்டை முழுவதும் மூடிவிட்டோம். அவர்கள் அங்கிருந்து நம் மண்ணை ஊர் ஊராகப் பிரித்து நினைவில் வைத்திருந்தார்கள்.

கொழும்பு வேறு கதை. 1885-இல் அலைதடுப்புச் சுவர் கட்டி முடியும்வரை தீவின் பெரிய துறைமுகம் தெற்கே காலிதான். அந்தக் காலியில் 1911-இல் கிடைத்த கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் இருந்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தென்கோடித் தெய்வமான தெனாவரை நாயனாருக்குத் தந்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ் என்றால் வடக்கு என்று எண்ணப் பழகியவர்கள், கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லின் முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். தேயிலையும் அலைதடுப்புச் சுவரும் சேர்ந்து கொழும்பை வளர்த்தன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில் எழுப்பினார்கள். புறக்கோட்டைக் கடைகளில் தமிழ்நாட்டு முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். 1982 முதல் நாடாளுமன்றம் பக்கத்துக் கோட்டையில், ஸ்ரீ ஜயவர்த்தனபுரத்தில் கூடுகிறது. வாழ்க்கை இன்னமும் கொழும்பில்தான் கூடுகிறது.

வடக்கும் கிழக்கும் தமிழ்நாட்டுப் பேச்சில் ஒன்றாகவே வருகின்றன. நிலமோ அப்படி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் பாறை. ஆற்றுநீரை நம்ப வழியில்லாமல், கிணற்றை நம்பி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த நிலம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று அவர்கள் தங்கள் நாட்டைப் பிரித்துச் சொல்வார்கள். ஆனையிறவைத் தாண்டினால் வன்னி. காடும் இரணைமடு போன்ற பெருங்குளங்களும். மட்டக்களப்பில் நிலத்தைப் பிரிப்பது வாவி. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை; சாயும் வயற்பக்கம் படுவான்கரை. ஒரு வட்டாரத்துக்கு இதைவிட அழகான பெயர்களை நான் தமிழில் கேட்டதில்லை. திருச்சிக் கிராமங்களுக்கு இந்த ஊர்ப்பெயர்கள் பலவும் முதலில் காதுவழியாக வந்தன. இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் கேட்ட தலைமுறை, பார்க்காத ஊர்களைப் பாட்டுக்கு முன்னால் வரும் பெயர்களாக அறிந்திருந்தது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவராக்கியது. தந்தையோ பாட்டனோ அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று காட்டச் சொன்னார்கள். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும்? 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. வந்தவர்களுக்குத் திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டில் இடைத்தங்கல் முகாம் இருந்தது. பாட்டன் கிளம்பிய மாவட்டத்தில் பேரன் அகதிபோல வந்து இறங்கினான். மலை மட்டுமே அறிந்தவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய் மறுபடி தேயிலை எடுத்தார்கள்.

எல்லோரும் வரவில்லை. 1958, 1977 கலவரங்களில் அடிபட்ட மலையகத்தாரில் பல குடும்பங்கள் மேலே சொன்ன அந்த வறள்நாட்டுக்குள், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. மூன்று தலைமுறைக்கு முன் முன்னோர் நடந்து கடந்த நிலம். 1983-க்குப் பிறகு போர் அங்கேயும் வந்தது. அவர்கள் படகேறி மண்டபத்தில் இறங்கியபோது, பதிவேட்டில் எழுதப்பட்ட ஊர் வவுனியா அல்லது மன்னார். அந்த ஊர்ப்பெயரால் அவர்கள் ஈழ அகதிகள் ஆனார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த அட்டனும் தலவாக்கலையும், அதற்கும் பின்னால் இருந்த திருச்சிக் கிராமமும் பதிவேட்டில் ஏறவில்லை. 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாக வந்திருக்க வேண்டியவர்களும், அவர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் முகாம்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இலங்கைத் தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மலையகத்தையும் நாம் கலந்துபோட்டதில், இவர்களைத் தனியே பார்க்கும் கண் நமக்கு இல்லாமல் போயிற்று.

2019 ஜூன் மாதம், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இத்தகைய இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அவர்கள் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயர்களைச் சொன்னது. அதில் இலங்கை இல்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது.

கொழும்புக்கும் திருச்சிக்கும் இடையே பறக்கும் விமானங்கள் கொட்டப்பட்டுக்கு அருகேதான் ஏறி இறங்குகின்றன. 2025-இல் யாழ்ப்பாணத்துக்கும் இங்கிருந்து நேர் விமானம் தொடங்கியது. கொழும்புக்கு ஒரு மணி நேரப் பயணம். பாட்டன் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நாள்கணக்கில் நடந்த காடு, அந்த ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்கள் ஜன்னலுக்குக் கீழே தெரியும். முகாமில் இருப்பவரிடம் அந்த விமானத்தில் ஏறுவதற்கான பாஸ்போர்ட் கிடையாது.